எட்டுப் புள்ளிக்குள் அடங்காத எழுத்து



கைபேசியிலும் கணினியிலும் இளைஞர் ஆடும் விளையாட்டுகளிலே ஒருவகை எழுத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். வளைவு என்பதே அதில் இராது. வளைய வேண்டிய இடமெல்லாம் படிக்கட்டுப் போல ஒடிந்து ஒடிந்து செல்லும். செங்கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்போலத் தடித்து நிற்கும். விளையாட்டின் தலைப்பு, ஆடுபவர் ஈட்டிய எண்ணிக்கை, எஞ்சியிருக்கும் உயிர்கள், 'தொடங்கு', 'நில்' என்னும் கட்டளைகள் யாவும் அந்த எழுத்திலேயே வரும். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னைய இயந்திரங்களின் எழுத்து அது. தேவை தீர்ந்த பின்னும் அதன் அழகுக்காகவே இன்றைய கலைஞர்கள் அதனைத் தேடி எடுத்து வழங்குகிறார்கள்.

அவ்வெழுத்து ஏறக்குறைய எப்போதும் ஆங்கில எழுத்தே. இதில் என்ன குறை என்று கேட்கலாம். சப்பிரகமுவ மாகாணத்தின் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை ஒரு புறம். கேகாலைப் பக்கத்தில் தெரணியகலை, எட்டியாந்தோட்டை. தேயிலையும் இறப்பரும் மாறி மாறி வரும் இம்மலைகளில் தமிழ் பேசுவோர் சிறு சிறு கூட்டங்களாக வாழ்கின்றனர். அங்கே ஒரு பிள்ளை தமிழ் எழுத்தைக் காணும் இடங்கள் சிலவே: பள்ளிக்கூடப் புத்தகம், கோயில் முகப்பு, கடைத்தெருப் பெயர்ப்பலகையில் ஒரு வரி. இப்போது அதே பிள்ளையின் கண் நெடுநேரம் நிலைத்திருக்கும் இடம் கைபேசித் திரை. அத்திரையில் தமிழ் நிற்குமா, நின்றால் எந்த வடிவத்தில் நிற்கும் என்பது நாம் அக்கறை கொள்ள வேண்டிய கேள்வி.

தடித்த புள்ளியெழுத்தைத் தமிழுக்கு வரைய முடியும் என்பதே என் துணிபு. ஆனால் ஆங்கிலத்துக்கு வெட்டிய சட்டைக்குள் தமிழைத் திணித்தால் அது முடியாது. ஏன் என்பதைக் காண, அச்சட்டை தைக்கப்பட்ட விதத்தை முதலில் பார்ப்போம்.

பழைய விளையாட்டு இயந்திரங்களில் நினைவிடம் பொன்னைப் போல் அரியது. ஆகவே ஓர் எழுத்துக்கு அகலம் 8, உயரம் 8 என 64 புள்ளிகள் கொண்ட ஒரு சிறு கட்டத்தை ஒதுக்கினார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒன்று எரியும், அல்லது அணையும். அவ்வளவில் ஓர் எழுத்தை எட்டே பைட்டுகளில் சேமித்துவிடலாம். 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனத்தின் துணை நிறுவனமான கீ கேம்ஸ், 'குவிஸ் ஷோ' என்றொரு விளையாட்டை வெளியிட்டது. அதற்கு லைல் ரெயின்ஸ் என்பவர் வரைந்த எழுத்தே இவ்வினத்துக்கு மூதாதை. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் அதனை ஏற்று வழங்கியது. 1980இல் உலகெங்கும் பரவிய 'பாக்-மேன்' விளையாட்டில் மக்கள் கண்ட எழுத்து அவ்வழி வந்ததே. டோஷி ஓமகாரி என்னும் எழுத்துருக் கலைஞர் 2019இல் இவ்வெழுத்துகளைத் திரட்டி ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார்.

அவ்வெழுத்தில் ஒரு நுட்பம் உண்டு. நிமிர்ந்த கோடுகள் இரண்டு புள்ளித் தடிப்பு. படுத்த கோடுகள் ஒரு புள்ளித் தடிப்பு. அக்காலத் தொலைக்காட்சிக் குழாயில் ஒற்றைப் புள்ளி அகலமுள்ள நிமிர்கோடு மங்கிக் கலங்கித் தோன்றும். இரட்டித்தால் உறுதியாக நிற்கும். தடிப்பு அங்கே அலங்காரமாக வரவில்லை. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற தேவையால் வந்தது. 1984இல் மாக்கின்டாஷ் கணினிக்காகச் சூசன் கேர் அம்மையார் வரைந்த 'சிகாகோ' எழுத்தும் அத்தகையது. அக்கணினியின் திரை முழுவதிலும் அகலம் 512, உயரம் 342 புள்ளிகளே. ஒரு கட்டளை அவ்வேளையில் பயன்படாது என்று காட்ட, அதன் எழுத்தில் ஒன்றுவிட்ட ஒரு புள்ளியை அணைத்து மங்கலாக்குவார்கள். எழுத்து தடிப்பாக இருந்தமையால் பாதிப் புள்ளி போன பின்னும் படிக்க முடிந்தது.

கருவி எழுத்தை மாற்றும் என்பது தோட்டத்தாருக்குப் புதிய செய்தியன்று. முற்காலத்தில் தேயிலைப் பெட்டிகளின்மேல் தோட்டத்தின் பெயரையும் தேயிலையின் தரத்தையும் மைபூசிப் பதித்த தகட்டெழுத்தைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். வட்டமான ஆங்கில எழுத்தைத் தகட்டில் அப்படியே வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். அது விழாதிருக்க இரண்டு பக்கமும் சிறு பாலம் விடுவார்கள். நாளடைவில் அந்தப் பாலமே அவ்வெழுத்தின் அடையாளமாயிற்று. தமிழும் இவ்வாறு கருவிகளோடு பலமுறை இணங்கிப் போயிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா நாட்டில் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தபோது, இத்தனை எழுத்துகளை ஒரு சிறு விசைப்பலகையில் எங்ஙனம் அடக்குவது என்ற அதே சங்கடத்தைத்தான் சந்தித்தார். எழுத்தையும் அதன் குறியையும் பிரித்து, அடித்தாலும் வண்டி நகராத விசைகளைச் சிலவற்றுக்கு வைத்து அவர் அதனைத் தீர்த்தார். எழுத்து சிதையவில்லை, பொறிதான் வளைந்துகொடுத்தது. இந்த வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வானொலியில் எழுத்தை வரைந்து காட்ட இயலாது. ஆகையால் பிள்ளைகள் கணக்குச் செய்யும் சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றை மனத்தில் விரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருந்தால் கையிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சதுரமும் ஒரு புள்ளி. எட்டுக்கு எட்டு ஒரு கட்டம் போட்டு, பென்சிலால் சதுரங்களை நிரப்பி 'ப' எழுதுங்கள். இடப்புறம் ஒரு கோடு, வலப்புறம் ஒரு கோடு, அடியில் ஒரு கோடு, ஆயிற்று. 'ட' இன்னும் எளிது. 'ம'வும் 'ய'வும் சற்று யோசித்தால் வந்துவிடும். தமிழுக்கு இதுவே போதும் போலிருக்கிறதே என்று தோன்றும்.

இனி 'ண' எழுதுங்கள்.

சுழியையும் வளைவுகளையும் எவ்வளவு சுருக்கினாலும் 'ண'வுக்குக் குறைந்தது நான்கு நிமிர்கோடுகள் வேண்டும். கோட்டுக்கு இரண்டு புள்ளித் தடிப்பு என்றால் நான்கு கோட்டுக்கே எட்டுப் புள்ளி தீர்ந்துவிட்டது. கோடுகள் ஒட்டிப் போகாதிருக்க இடையில் மூன்று வெளிகள் தேவை. ஆகப் பதினொன்று. எட்டுக்குள் பதினொன்று புகாது. ஒரு கோட்டை விட்டுவிடலாமே என்றால் 'ண' போய் 'ன' ஆகிவிடும். மனமும் மணமும் ஒன்றாகிவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இவ்வளவு நெருக்கம் உள்ளவை ஒன்றிரண்டே. நமக்கோ 'ண', 'ன', 'ஞ', 'ள', 'ழ', 'ஐ', 'ஓ' என்று வரிசையாக வரும்.

அகலத்தை விட உயரத்தின் வழக்குப் பெரிது. ஆங்கிலப் பெரிய எழுத்து ஒரே மாடி வீடு. தமிழ் மூன்று மாடி வீடு. நடுமாடியில் எழுத்தின் உடல் இருக்கும். மேல்மாடியில் மெய்யெழுத்தின் புள்ளியும் 'கி', 'கீ' முதலியவற்றின் கொக்கியும் குடியிருக்கும். கீழ்மாடியில் 'கு', 'கூ', 'மு', 'மூ' என்பவற்றின் கால்களும் 'ர', 'ழ' ஆகியவற்றின் வால்களும் தொங்கும். எட்டு வரிசையை மூன்று மாடிக்கும் பங்கிட்டால் எவருக்கும் நிமிர்ந்து நிற்க இடமில்லை. பதினாறு வரிசை கொடுங்கள்: மேலே 4, நடுவே 8, கீழே 3, அடுத்த அடியோடு முட்டாதிருக்க வெறுமையாக 1. கணக்குச் சரியாகிறது.

மேல்மாடிக்கு நான்கு வரிசை என்று சும்மா சொல்லவில்லை. தடித்த எழுத்தில் ஒரு சுழிக்கு, நடுவில் ஓட்டை தெரிய வேண்டுமானால், அகலம் 5 புள்ளியும் உயரம் 3 புள்ளியும் வேண்டும். இடக்கோடு இரண்டு, வெளி ஒன்று, வலக்கோடு இரண்டு. மேலே ஒன்று, வெளி ஒன்று, கீழே ஒன்று. இதற்குக் குறைந்தால் சுழி அடைத்துப் போய்க் கறுத்த மச்சமாகிவிடும். 'வி'க்கும் 'வீ'க்கும் உள்ள வேறுபாடு அந்தச் சிறு சுழிதானே? அது அடைத்துப்போனால், திரையில் இருப்பது 'விடு'வா 'வீடு'வா என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? விளையாட்டில் இரண்டும் வரும். ஒன்று ஆட்டத்தை விட்டு வெளியேற. மற்றொன்று முதற்பக்கத்துக்குத் திரும்ப.

ஒரு புள்ளி போனால் என்ன குடி மூழ்கிவிடும் என்பாரும் உளர். கொழுந்து மடுவத்தை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். பல தோட்டங்களில் இப்போது மின்னணுத் தராசு வந்துவிட்டது. அதில் ஒவ்வோர் இலக்கமும் ஏழு சிறு கோடுகளால் ஆனது. ஏழும் எரிந்தால் 8. அவற்றுள் மேல் வலப்பக்கக் கோடு ஒன்று மட்டும் பழுதாகி எரியாது போனால், 8 என்பது 6 ஆகத் தோன்றும். கூடையின் பாரம் மாறவில்லை. கொழுந்து பறித்தவரின் உழைப்பும் மாறவில்லை. மாறியது ஒரு கோடு. குறைந்த அடையாளங்களால் எழுதும்போது ஒவ்வோர் அடையாளத்தின் சுமையும் கூடிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சோடியைப் பாருங்கள்: 'வெல்', 'வேல்'. போர் விளையாட்டுக்கு இரண்டும் வேண்டிய சொற்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்பதே வேறுபாடு. ஓலைச்சுவடிக் காலத்தில் இவ்வேறுபாடு எழுத்தில் தோன்றாது. குறிலுக்குப் புள்ளி இடவேண்டும் என்பது பழைய இலக்கண விதி. ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதனை விட்டுவிட்டார்கள். படிப்பவர் இடம் நோக்கி உணர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்ததனால் அந்த மயக்கம் நீங்கிற்று என்பர். அங்ஙனம் நீங்கிய மயக்கத்தை, ஒரு விளையாட்டுக் கட்டத்தின் அளவு போதவில்லை என்பதற்காக நாம் மறுபடியும் அழைத்து வரலாமா?

ஜப்பானியர் இதே இடுக்கணில் என்ன செய்தனர் என்பது சுவையான வரலாறு. 1983இல் நின்ரெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபாமிகொம் என்ற வீட்டு விளையாட்டுப் பெட்டியில், பின்னணிக்கு ஒரு வேளையில் 256 சிறு கட்டங்களே கிடைத்தன. படமும் எழுத்தும் அவற்றுக்குள் அடங்க வேண்டும். அவர்களுடைய 'கானா' எழுத்துகளில் சிலவற்றின் தலையில், நம் மெய்ப்புள்ளி போன்று, ஒலியை மாற்றும் சிறு குறி உண்டு. அதனை எழுத்துக்கு மேலுள்ள வரிசையில் தனிக்கட்டமாக வைத்தார்கள். மேல்மாடி கட்டினார்கள் என்றே சொல்லலாம். 1986இல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டில் 'கத்தகானா' எழுத்துகள் முழுவதுக்கும் இடம் போதவில்லை. சிலவற்றை மட்டும் தேர்ந்து வைத்துக்கொண்டு, அரக்கர் முதலியவற்றின் பெயர்களை அவ்வெழுத்துகளுக்குள் அடங்குமாறு சூட்டினர். எழுத்தை வெட்டவில்லை, பெயரை மாற்றினார்கள். தம் மொழியில் விளையாட்டுச் செய்தமையாலேயே அவர்களுக்கு இந்தச் சங்கடமும் அதற்குரிய தீர்வும் வாய்த்தன.

அக்காலத்தில் நாம் முயன்றிருந்தால் எப்படி இருந்திருக்கும்? 247 எழுத்து என்று கேட்டவுடன் மலைத்துப் போவார்கள். உண்மையில் அத்தனை வடிவம் வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18. 'கி', 'கீ', 'கு', 'கூ' என்னும் நான்கு வரிசைக்கும் பதினெட்டுப் பதினெட்டாக 72. பின்னர்க் கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்ற குறிகள் 4. ஔகாரத்தின் இறுதிக் குறிக்கு 'ள'வே உதவும். கூட்டினால் 125. 'ஜ', 'ஷ' முதலிய வடவெழுத்துகள் இதன் புறத்தே. பதினாறுக்குப் பதினாறு கட்டத்தில் ஓர் எழுத்துக்கு 32 பைட்டு. 125 எழுத்துக்கும் 4000 பைட்டு. ஃபாமிகொம் கணக்கில் ஓர் எழுத்து நான்கு சிறு கட்டங்களை விழுங்கும். மொத்தம் 500. இருந்ததோ 256. ஆகவே 1983இல் தமிழ் புகுந்திருக்காது என்பது நேர்மையான விடை. இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் மட்டுமே இதைப்போல் பல நூறு மடங்கு இடம் பிடிக்கும். நினைவிடப் பஞ்சம் என்ற சாக்கு இன்று எவருக்கும் இல்லை.

ஆயினும் புதியதொரு இடையூறு முளைத்தது. ஒருங்குறி என்னும் உலகப் பொது முறையில் 1991 முதலே தமிழுக்கு இடமுண்டு. அம்முறை 'கெ' என்பதை முதலில் 'க' என்றும், பின்னர் ஒற்றைக் கொம்பு என்றும் சேமிக்கும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுவர வேண்டியது காட்டும் பொறியின் கடமை. ஆங்கிலத்தையே மனத்தில் கொண்டு செய்த விளையாட்டுப் பொறிகள் சிலவற்றுக்கு இக்கடமை தெரியாது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். புள்ளி தனியே மிதக்கும். தமிழறியாத ஒருவர் இதைச் சரி என்றே எண்ணி வெளியிட்டுவிடுவார். இந்நிலை மாறி வருகிறது. கட்டணமின்றிக் கிடைக்கும் 'கோடோ' என்ற விளையாட்டுப் பொறி, 2023இல் வந்த நான்காம் பதிப்பில் இத்தகைய எழுத்து முறைகளைச் செவ்வனே காட்டும் வசதியைப் பெற்றது. இனிக் குறை எழுத்தை வரைவோர் பக்கம்தான்.

வரைந்தவர் எவரும் இல்லையா? உண்டு. எல்லா மொழிகளுக்கும் பொதுவாகப் புள்ளியில் அமைந்த 'யூனிபாண்ட்' என்ற இலவச எழுத்துருவில் தமிழும் இருக்கிறது. அது மெல்லிய ஒற்றைக் கோட்டில் அமைந்தது. எதையேனும் காட்டியாக வேண்டும் என்ற தேவைக்குரியது, தலைப்புக்குரிய மிடுக்கு அதற்கில்லை. நாம்கோ எழுத்தைப் பின்பற்றி இன்று உலகெங்கும் வழங்கும் 'பிரஸ் ஸ்டார்ட்' எழுத்துருவில் கிரேக்கமும் உருசியமும் உண்டு; தமிழ் இல்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் அவர்கள் உருவாக்கிய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியாகி, கைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழிதிறந்தது. சிறு திரையில் தமிழ் நிற்கும் என்பது அன்றே நிறுவப்பட்டுவிட்டது. விளையாட்டுக்குரிய தடித்த எழுத்தோ இன்னும் தன் கலைஞரை எதிர்நோக்கியே இருக்கிறது.

அவ்வாறு வரைய முன்வருவோருக்கு என் கருத்தாகச் சில சொல்வேன். நிமிர்கோட்டை இரட்டிப்பது 1976ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிக் குழாய்க்கு ஏற்ற உபாயம். இன்றைய திரையில் ஒற்றைப் புள்ளியும் கலங்காது நிற்கும். நமக்கோ நிமிர்கோடுகள்தாம் மிகுதி. ஆகவே தலைப்பெழுத்துக்கு அந்த விதியைத் தலைகீழாக்கி, படுத்த கோட்டை இரட்டித்து, நிமிர்கோட்டை ஒற்றையாக விட்டுப் பார்க்கலாம். 'ண'வின் அகலம் பதினொன்றிலிருந்து ஏழாகக் குறைந்துவிடும். எழுத்தின் கனமும் கெடாது. பழைமை விரும்பிகள் இதனை ஒப்பமாட்டார்கள். அவர்கள் இரட்டை நிமிர்கோட்டையே வைத்துக்கொண்டு அகலத்தைப் பெருக்கட்டும். எவ்வழியாயினும் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற பிடிவாதம் வேண்டாம். காலுக்கு ஐந்து புள்ளி போதும். 'ணூ'வுக்குப் பதினாறும் போதாமற் போகலாம்.

மெய்யெழுத்தின் புள்ளியை ஒற்றைப் புள்ளியாக வைக்கக் கூடாது. தடித்த உடலின்மேல் அது தூசிபோல் தோன்றும். இரண்டுக்கு இரண்டு என நான்கு புள்ளியால் ஆக்கி, எழுத்துக்கும் அதற்கும் இடையே ஒரு வரிசை வெறுமை விடவேண்டும். ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துக்கு வலப்புறம் கீழே நிழல் விழுமாறு வரைவது வழக்கம். தமிழில் அந்நிழல் சுழிக்குள் புகுந்து ஓட்டையை அடைத்துவிடும். நிழல் வேண்டுமானால் எழுத்தின் புறவிளிம்பில் மட்டும் விழட்டும்.

இதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டியதில்லை. முதற்படி வரைவதற்குச் சதுரக்கோட்டுக் கொப்பியும் பென்சிலும் அழிறப்பரும் போதும். லயத்து வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடும் கைகளுக்கு, எந்தப் புள்ளியைச் சேர்ப்பது, எதனை வெறுமையாக விடுவது என்பது பழகிய கலை. உயர்தர வகுப்பு மாணவர் இருவர் மூவர் கூடினால் ஒரு விடுமுறைக்குள் 125 வடிவத்தையும் கொப்பியில் முடித்துவிடலாம். கணினியில் ஏற்றும் வேலை அதற்குப் பின்னர்.

தொடங்குகிறவர்கள் அகர வரிசையில் தொடங்க வேண்டாம். 'ப'வும் 'ட'வும் எளிதாக வந்து, வேலை முடிந்துவிட்டது என்ற மயக்கத்தைத் தரும். மயங்கும் சோடிகளையே முதலில் எழுதுங்கள்: 'விடு', 'வீடு', 'வெல்', 'வேல்', 'எடு', 'ஏடு', 'கொடு', 'கோடு', 'மனம்', 'மணம்'. எழுதிய தாளைச் சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடியில் நின்று, எழுதாத ஒருவரைக் கொண்டு படிப்பியுங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை கிடைத்தால் மிக நல்லது. அது ஊகித்துப் படிக்காது, கண்ணிற் பட்டதையே படிக்கும். எந்தச் சொல்லில் அது தடுமாறுகிறதோ அந்த எழுத்தை அழித்து மறுபடியும் வரையுங்கள்.